அத்தையின் கேஸ் வண்டி

என் அத்தை தன் காரைப் பெட்ரோலிலிருந்து கேஸுக்கு மாற்றியபோது வில்பட்டியில் அதை நல்ல யோசனை என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. அவளுக்கு அண்ணனான என் அப்பா சில நாள் அவளோடு பேச்சையே குறைத்துக்கொண்டார். மலை ஏற்றத்தில் கேஸ் இழுக்காது என்பது அவர் கட்சி. பூண்டு மூட்டை ஏற்றும் லாரிக்காரர்களும் அவர் பக்கம்தான். அம்மாவுக்கு வேறு பயம். சமையல்கட்டில் இருக்க வேண்டிய ஒன்றைச் சக்கரத்தின் மேல் ஏற்றி ஊர் சுற்றுவது அவளுக்குச் சரியாகப் படவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதற்கு அடுப்பு வண்டி என்று பேர் வைத்தார்கள். தினமும் கொடைக்கானலுக்கு அதில்தான் நான் பள்ளிக்குப் போனேன் என்பதால் அந்தக் கேலியில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

அத்தை யாரோடும் வாதாடவில்லை. காலையில் பள்ளிப் பிள்ளைகள், பகலில் வட்டக்கானலுக்குப் போகும் சுற்றுலாக்காரர்கள், சாயங்காலம் மறுபடி பிள்ளைகள் என்று அந்த ஒரு வாடகைக் காரை வைத்துத்தான் அவள் பிழைத்தாள். வெள்ளனே எழுந்து, சோப்பு நுரையைத் துணியில் தொட்டு, கேஸ் குழாயின் இணைப்புகளில் தடவிக் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பாள். வராவிட்டால் பெட்ரோலில் கிளப்பி, இன்ஜின் சூடானதும் சுவிட்சைக் கேஸுக்குத் தட்டுவாள். முதல் மேட்டில் வண்டி கொஞ்சம் முனகும். அவள் கியரைக் குறைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, வண்டியைவிடத் தான்தான் ஏறுவதுபோல உட்கார்ந்திருப்பாள். வண்டி ஏறிவிடும்.

கடைசியில் அப்பாவை அவள் மடக்கியது வரிச் சலுகையைச் சொல்லித்தான். கேஸுக்கு மாற்றிய வண்டிகளுக்கு வரியில் தள்ளுபடி உண்டென்று, அதை மாட்டிக்கொடுத்த மெக்கானிக் சொல்லியிருந்தார். அரசாங்கமே தள்ளுபடி கொடுக்கிறது என்றால் விஷயத்தில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று அப்பா இறங்கி வந்தார். ஆனால் அதற்கு வண்டியை மலைக்குக் கீழே போக்குவரத்து அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வண்டியின் சொந்தக்காரரும் நேரில் வர வேண்டும். வண்டி மாமா பேரில் இருந்தது.

மாமா, அதாவது அத்தையின் கணவர், பழனி அடிவாரத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். அத்தை எங்கள் வீட்டிலும் அவர் பழனியிலும் இருந்தது எனக்கு விசித்திரமாகத் தோன்றியதே இல்லை. அவருக்கு அங்கே சோலி, இவளுக்கு இங்கே சோலி. எங்கள் தெருவில் பாதி அப்பாக்கள் திருப்பூரில்தான் இருந்தார்கள். அவர்கள் திருவிழாவுக்கு வருவார்கள், மாமா வர மாட்டார். திருவிழாவில்தானே லாட்ஜில் கூட்டம் என்று அதற்கு ஒரு காரணத்தை நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

கூட வருகிறேன் என்று அப்பா சொன்னதற்கு அத்தை வேண்டாம் என்றுவிட்டாள். அவர் வந்தால் கை நீண்டுவிடும், போன காரியம் நடக்காது என்று அம்மாவிடம் சொன்னாளாம். அப்படியானால் பிள்ளையையாவது கூட்டிக்கொண்டு போ என்று அம்மா என்னை ஏற்றிவிட்டாள். எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ. பஞ்சாமிர்தம் கிடைக்கும் என்ற ஒரே எண்ணத்தில் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு ஏறினேன். பெருமாள்மலை தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அந்த எண்ணமும் காலையில் தின்ற இட்லியும் சேர்ந்து வெளியே வந்தன. அத்தை ஓரமாக நிறுத்தி, என் முகத்தைக் கழுவிவிட்டு, மோந்து பார்க்க ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தாள். அன்றைக்கு அவள் என்னைத் திட்டவே இல்லை.

பழனியில் லாட்ஜுக்குப் பின்னால் ஒரு சந்தின் முனையில் வண்டியை நிறுத்தினாள். பச்சைக் கதவு போட்ட வீட்டைக் காட்டி, மாமாவை வெரசா கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். அவள் இறங்கவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை.

உள்ளே மாமா ஒரு சின்னப் பெண்ணை மடியில் வைத்துத் தோசை ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அந்தச் சின்னப் பெண் மடியிலிருந்து சறுக்கி இறங்கி அவர் காலைக் கட்டிக்கொண்டாள். ஈரத் தலையோடு ஒரு அம்மா அடுப்படியிலிருந்து வந்து, நான் யார் என்று கேட்டார். சொன்னேன். அத்தை வெளியே காரில் இருக்கிறாள் என்றும் சொன்னேன். அந்த அம்மா ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், மாமா கொடுத்துவைத்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா காரின் முன்கதவைத் திறந்தார். அத்தை திரும்பாமலே சொன்னாள்.

“பிள்ளைக்கு வாந்தி வருது. அவ முன்னால உக்காரட்டும்.”

அதற்குப் பிறகு இருந்தது முழுக்கச் சமதளச் சாலை. எனக்கு வாந்தியும் நின்றிருந்தது. ஆனாலும் முன்சீட்டை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. மாமா பின்சீட்டில், வாடகை கொடுத்து ஏறியவர்போல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

அலுவலகத்தில் ஆய்வாளர் கழுத்துப்பட்டைக்குள் கைக்குட்டை சொருகியிருந்தார். டிக்கியில் கேஸ் உருளையைப் பார்த்தார், குழாயைத் தொட்டுப் பார்த்தார், பிறகு மாமாவிடம் வண்டியைக் கேஸில் ஓட்டிக் காட்டச் சொன்னார். மாமா உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டி கிளம்பியது. கேஸ் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. முகப்பு விளக்கைப் போட்டார், வைப்பரை ஓடவிட்டார். நான் சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சுவிட்சைத் தட்டினாள்.

வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று ஆய்வாளர் கேட்டார்.

“நாந்தான் சார் ஓட்டுறேன். கேஸுக்கு மாத்துனதும் நாந்தான்.”

சலுகை கேட்க வேண்டியது யார் பேரில் வண்டி இருக்கிறதோ அவர்தான், ஒவ்வொரு தடவையும் இவர்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும் என்று அவர் விளக்கினார். அத்தை அந்த வார்த்தைக்காகவே மலையிலிருந்து இறங்கி வந்தவள்போல நிமிர்ந்தாள்.

“அப்ப வண்டியவே எம் பேருக்கு மாத்திருங்க சார். இவரு கையெழுத்துப் போட்டுருவாரு.”

மாமா கைகளைப் பிசைந்தார். இப்போது என்ன அவசரம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இதெல்லாம் ஆபீஸ்ல வச்சா பேசுறது? வீட்டுல போயி பேசிக்கிருவோம்.”

“எந்த வீட்டுல?” என்றாள் அத்தை.

அவள் சத்தமாகக் கேட்கவில்லை. வழி கேட்பதுபோலத்தான் கேட்டாள். எனக்கு அது அசட்டுக் கேள்வியாகப் பட்டது. எங்களுக்கு இருப்பது ஒரே வீடு, வில்பட்டியில், பேரிக்காய் மரத்துக்குப் பக்கத்தில். அதைச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். ஆய்வாளர் திடீரென்று தன் மேசை மேலிருந்த எதையோ தேடத் தொடங்கினார். மாமா அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம் ஆய்வாளரிடம் பேனாவைக் கேட்டு வாங்கினார். விண்ணப்பத்தில் ஒட்ட வேண்டிய போட்டோவுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அத்தை தன் போட்டோவை ஏற்கெனவே எடுத்துப் பையில் வைத்திருந்தாள்.

வண்டி அவள் பேருக்கு வந்தது. வரிச் சலுகையும் பிறகு கிடைத்தது. அப்பா எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்பதால் அவர் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. அத்தைக்கும் அந்தத் தொகையில் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

அன்று மாமாவைச் சந்து முனையில் இறக்கிவிட்டோம். அவர் இறங்கிய பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை “கதவச் சாத்துங்க” என்றாள். சாத்தினார். அடிவாரத்தில் எனக்குப் பஞ்சாமிர்தம் வாங்கிக் கொடுத்தாள். கேட்ட அளவுக்குமேல் வாங்கிக் கொடுத்தாள். மலைச் சாலை தொடங்கியபோது, மாமா ஏன் நம்மோடு ஊருக்கு வரவில்லை என்று கேட்டேன்.

அவள் கியரை மாற்றிவிட்டுச் சொன்னாள்.

“கேஸ் வண்டியாச்சே. மேட்டுல மூணு பேர இழுக்காது.”

அதை நான் அப்படியே நம்பினேன். வண்டிக்குப் பாரம் குறையட்டும் என்று வளைவுக்கு வளைவு சீட்டின் நுனிக்கு வந்து, டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தேன். அத்தையின் கன்னம் நனைந்திருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள், பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. மாமாவை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. வண்டி பெட்ரோலிலேயே ஓடியிருந்தால் அவரும் எங்களோடு வந்திருப்பார்.