கூடுதல் எலும்பும் செவ்வரளியும்

எக்ஸ்ரே படத்தைப் பஸ் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, என் வீட்டுக்காரர் அதில் தெரிந்த எலும்புகளை விரல் வைத்து எண்ணிக்கொண்டே வந்தார். சிங்காநல்லூர் வருவதற்குள் மூன்று தரம் எண்ணிவிட்டார். "எல்லாருக்கும் சாமி அளந்துதான் குடுக்குது. உனக்கு மட்டும் கொசுறு ஒண்ணு போட்டுருக்குது அம்மணி" என்றார். நான் சிரித்தேன். சொன்னவர் சிரிக்கவில்லை.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. நான் பஞ்சாலையில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தேன். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் போதும், மரத்துவிடும்; விரல்கள் வெளுத்துச் சில்லிட்டுப் போகும். தலை பின்ன முடியாது, கொடியில் துணி போட முடியாது. வாயுப் பிடிப்பு என்று ஒரு வருடம் எண்ணெய் தேய்த்தே காலம் போனது. பிறவியிலேயே கழுத்தடியில் கூடுதலாக இருந்த ஒரு சின்ன விலா எலும்பு, கைக்குப் போகும் நரம்பையும் ரத்தக் குழாயையும் நெரிக்கிறது என்று கடைசியில் ஒரு டாக்டர்தான் கண்டுபிடித்தார்.

"மூணு வழி இருக்குதுங்கம்மா" என்றார் அவர். "பயிற்சி செஞ்சு பாக்கலாம். இல்லீன்னா கழுத்துச் சதைய மட்டும் வெட்டி விடலாம். சின்ன ஆபரேசன்தான், ஆனா வலி திரும்பி வந்தாலும் வரும். காறை எலும்புக்கு மேல திறந்து அந்த எலும்பையே எடுத்துட்டா முழுசாத் தீரும். நரம்பும் நுரையீரலும் பக்கத்துலயே இருக்குது, அதுதான் பயம்."

"நீங்களா இருந்தா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"எடுத்துருவேனுங்க. ரொம்பத் தள்ளிப் போடாதீங்க."

வீட்டுக்காரர் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். நூல் பிசகாமல் இரும்பைக் கடைவார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒரு நாள் பயிற்சியே போதும் என்பார். மறுநாள் சின்ன ஆபரேசன் என்பார். அவருடைய தங்கை வயிற்று ஆபரேசனுக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கடைசியில், "நமக்கு என்ன தெரியும்? அம்மன்கிட்டப் பூக்கேட்டுப் போடலாம்" என்றார்.

கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, எங்கள் பக்கம் குலதெய்வத்திடம் பூக்கேட்காமல் எதுவும் நடக்காது. வெள்ளை அரளியை ஒரு பொட்டலத்திலும் செவ்வரளியை இன்னொன்றிலும் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். தொண்டாமுத்தூருக்கு மேற்கே இருக்கும் எங்கள் கோயிலுக்குப் பூவை அவரே பறித்து, அவரே மடித்துக் கொண்டுவந்தார். எலும்பை எடுக்கலாமா என்று பூசாரி அம்மனிடம் கேட்டுவிட்டு, "நீயே எடு கண்ணு" என்றார். வலது கையால்தான் எடுக்க வேண்டும். பொட்டலத்தைத் தொட்டது விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் எடுத்தேன். பிரித்தால் சிவப்பு.

ஒன்றரை வருடம் பயிற்சி செய்தேன். கட்டை விரலடிச் சதை கரைந்து பள்ளமானது. ஆள்காட்டி விரல் நுனியில் கறுத்த புண் ஒன்று வந்து ஆறவே இல்லை. மறுபடி போனபோது டாக்டர் திட்டவில்லை. கையை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முன்னாலேயே வந்திருக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னார். எலும்பை எடுத்தார்கள். புண் ஆறியது, வலி போனது. கைக்குப் பழைய பலம் வரவில்லை. மில் வேலையும் போயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்குச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் சொன்னார்: "ரெண்டு பொட்டலத்துலயும் சிவப்புத்தான் வெச்சேன் அம்மணி. உன்னைய உள்ள கொண்டுபோய்க் கதவச் சாத்திப்போட்டா, நான் வெளிய எப்படி உக்காந்திருப்பேன்?"

"அம்மன் காலடியிலயா பொய்ய வெச்சீங்க?" என்று கேட்டேன். வீடு வந்தும் எட்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் பூக்கேட்கவே போனதில்லை. கோயிலுக்கு வந்தாலும் வாசலிலேயே நின்றுகொள்வார். தினமும் காலையில் பட்டறைக்குப் போகுமுன் எனக்குத் தலை பின்னிவிடுவார். "லேத்துக்காரன் பின்னுன சடை, கோணுமா பாரு" என்று கேலி பேசுவார். பேசி முடித்ததும் என் வலது கையை ஒரு தரம் பார்ப்பார். இருபது வருடத்துக்கு மேல் பார்த்தார். போன ஆடியில் அவர் காலமானார். இப்போது முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டுவிட்டேன்.

அன்றைக்குப் பொட்டலத்தில் சிவப்பைப் பார்த்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. டாக்டர் சொன்னதை அவரை விட நன்றாகப் புரிந்துகொண்டவள் நான். இன்னொரு பொட்டலத்தையும் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கத்திக்குப் பயந்தது அவர் மட்டுமில்லை. இதை அம்மனிடம் எத்தனையோ தரம் சொல்லி அழுதிருக்கிறேன். சடை பின்னிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்த மனுசனிடம் ஒரு நாளும் சொல்லவில்லை.