இரண்டாவது பெட்டியில் போட்ட அட்டை

போன வாரம் திருச்சுழி தாலுகா அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எங்கள் பட்டாவில் சர்வே எண் ஓர் இலக்கம் தவறியிருந்தது. தாளில் பேனாவால் திருத்திச் சீல் வைத்துக் கொடுத்தால் போதும் என்றேன். கணினி முன்னால் இருந்த பெண் சிரித்துவிட்டார்.

"தாள்ல திருத்தி என்னய்யா ஆகப்போகுது? உள்ள திருத்தணும். இல்லாட்டி அடுத்து எடுக்கையில பழைய தப்புதான் வரும்."

நான் வாழ்நாள் முழுதும் கணினியில் வேலை பார்த்தவன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் மேசையில் முத்திரை மை வாடை அடித்தது. எங்கள் காலத்தில் அட்டைத் தூசி வாடை. மதுரையில் ஒரு கணிப்பொறி மையம், எழுபதுகளின் கடைசி. ஒரு வரிக்கு ஓர் அட்டை, துளையிட்டு அடுக்கி எந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். அப்போதைய ஃபோர்ட்ரான் மொழியில் 'இப்படியானால் இதையெல்லாம் செய், இல்லையென்றால் அதையெல்லாம் செய்' என்று சேர்த்துச் சொல்ல வழியில்லை. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, 'நாற்பதுக்குப் போ, அங்கிருந்து தொண்ணூறுக்குப் போ' என்று விரட்ட வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு வர, காரியாபட்டியும் நரிக்குடியும் சுற்றுகிற மாதிரி. நான் அந்தச் சுற்றில் கெட்டிக்காரன். என் நிரல் எனக்கு மட்டுமே புரியும். அதையும் ஒரு பெருமையாக வைத்திருந்தேன்.

நரிக்குடிப் பக்கத்திலிருந்து செல்லையா வந்து சேர்ந்தான். தற்காலிக வேலை. என்னைவிட இரண்டு வயது சின்னவன். எங்கிருந்தோ முன்செயலி என்று ஒரு நிரலைக் காந்த நாடாவில் வாங்கி வந்தான். நாம் ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் அது ஃபோர்ட்ரானாக மாற்றி, இருபத்து மூவாயிரத்தில் தொடங்கும் எண்களைத் தானே போட்டு, புது அட்டைகளாகத் துளைத்துத் தரும்.

"ஏலே, நடுவுல எதுக்குலே புரோக்கரு?" என்றேன்.

"நாளைக்கு நான் இல்லன்னாலும் இன்னொருத்தர் வாசிக்கணும்லண்ணே," என்றான்.

அவன் எழுதியது முதல் பெட்டி. முன்செயலி தந்தது இரண்டாவது பெட்டி. இரண்டாவதன் மேல் பென்சிலால் எழுதி வைத்திருந்தான்: 'இதைத் தொடாதீர்கள். திருத்தம் முதல் பெட்டியில்.'

அவன் நிரல், கண்மாய்களில் எத்தனை நாளுக்குத் தண்ணீர் வரும் என்று கணக்கிடுவது. அவன் தங்கை கல்யாணத்துக்கு விடுப்பில் போயிருந்த சமயம், கணக்கைக் கேட்டிருந்த பாசனப் பொறியாளர் வந்தார். பட்டியலை மேசையில் போட்டார்.

"மடைக்குக் கீழ கிடக்குற தண்ணியையும் சேத்திருக்கீகளே, அதை வாளியில மொண்டா வயலுக்கு ஊத்துறது?"

நியாயமான கேள்வி. முதல் பெட்டியில் திருத்தினால் மறுபடி முன்செயலியில் ஓட்ட வேண்டும். எந்திரத்தில் இன்னொரு தடவை நேரம் வாங்க வேண்டும். சோம்பல் பாதி. அவன் முறையில் எழுத நானும் கற்றுக்கொள்ள வேண்டுமே என்ற வீம்பு மீதி. இரண்டாவது பெட்டியில், அந்தத் தண்ணீரைக் கழிக்கிற ஒரே ஓர் அட்டையைச் செருகினேன். விடை சரியாக வந்தது. திரும்பி வந்தவனிடம், "மடைக் கணக்கைச் சரி பண்ணியாச்சு," என்று மட்டும் சொன்னேன். எங்கே என்று சொல்லவில்லை. எழுதி வைத்திருக்கும்போது வேறெங்கே திருத்துவார்கள் என்று அவனும் கேட்கவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு கண்மாயைப் புதிதாகச் சேர்க்கச் சொன்னார்கள். செல்லையா முதல் பெட்டியில் சேர்த்து, முறைப்படி முன்செயலியில் ஓட்டினான். புது அட்டைகள் வந்தன. பழையவற்றைத் தூக்கிப் போட்டான், என் அட்டையோடு. மடைக்குக் கீழே கிடந்த தண்ணீர் பட்டியலில் ஏறி வந்தது.

"போன தடவ சரியாத்தானய்யா இருந்துச்சு? நீ தொட்ட பெறகு கெட்டுப்போச்சு," என்றார் பொறியாளர். அந்த மாதம்தான் அவனை நிரந்தரமாக்குவதாக இருந்தது. எங்கள் மைய அலுவலர் என்னைப் பார்த்தார். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். செல்லையா, "அண்ணன் போட்ட மடை அட்டையை நான்தான் எங்கயோ தவற விட்டுட்டேன் சார்," என்றான். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினான். அந்த மாதக் கடைசியில் ஊருக்குப் போய்விட்டான்.

பல வருடம் கழித்துக் காரியாபட்டி பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். ஆடு வளர்ப்பதாகச் சொன்னான். சிரிப்பு மாறவில்லை.

"அந்த அட்டை எங்கண்ணே விழுந்திருக்கும்? இப்பவும் நெனச்சுப் பாக்கேன், பிடிபடல."

சொல்ல வாயெடுத்தேன். "பஸ்ஸு வந்துருச்சு, வாரேன்," என்றேன். அது என் பஸ் இல்லை. ஏறிக்கொண்டேன்.

அட்டை துளைக்கும் எந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். ஃபோர்ட்ரானே பிற்பாடு 'இல்லையென்றால்' சொல்லப் பழகிக்கொண்டது, முன்செயலிக்கு வேலையில்லை. மையம் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம்.

செல்லையா போன ஆவணியில் இறந்துபோனான். துக்கம் கேட்கப் போயிருந்தேன். அவன் மனைவி மகனிடம், "அப்பா மதுரையில வேல பாத்தப்ப இவுகதான் கூடப்பொறந்தவுக மாதிரி இருந்தாக," என்றார். காபி கொடுத்தார்கள், குடித்தேன். அவன் தேடிய அட்டை அவனுடைய முதல் பெட்டியில் ஒருநாளும் இருந்ததில்லை. அதைக் கேட்க வேண்டியவன் அந்த வீட்டில் இல்லை.