கண்ணாடிப் பெட்டிக்குள் பதினேழாவது பிரிவு

தஞ்சாவூரில் ஓர் அருங்காட்சியகத்தில் அரசியலமைப்புச் சட்டத்தின் நகலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்திருக்கிறார்கள். தீண்டாமையை ஒழித்த பதினேழாவது பிரிவுக்குத் தனிப் பலகை. கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி, மேலே விளக்கும் போட்டிருக்கிறார்கள். இப்போதும் அது அங்கே இருக்கிறது. எனக்குத்தான் அந்தப் பக்கம் போகக் கால் வரவில்லை. பூதலூரில் ரயிலேறி, பள்ளிப் பிள்ளைகளோடு நானும் எங்கள் தலைமையாசிரியரும் போயிருந்தோம். அந்தப் பலகைக்கு முன்னால் அவர் நெடுநேரம் நின்றார். "ஏசி போட்டு எவ்வளவு பத்திரமா வச்சிருக்காங்க பாருங்க சார். நம்ம ஊரு வெயிலுக்கு இவரு வெளில வரவே மாட்டாரு போலருக்கு" என்று என் காதோரம் சொல்லிச் சிரித்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றேன். எனக்கு எதிலும் நம்பிக்கை குறைவு. அவர் விடவில்லை. "ஏட்டுலயாவது இருந்தாத்தானே சார், எங்க சுரைக்கான்னு போய்க் கேக்க முடியும்?"

கேட்டுக்கொண்டேதான் இருந்தார். அவருடைய காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் தார் ரோடு ஊர்த்தெரு வழியாகப் போகிறது. அந்தத் தெருப் பிள்ளைகள் அவரைக் கண்டால் பைக்கை நிறுத்தி வணக்கம் சொல்வார்கள். ஆனால் காலனிப் பிணம் மட்டும் அந்த வழியாகப் போகக் கூடாது. வயலில் இறங்கித்தான் போக வேண்டும். தன் அப்பாவை அப்படித்தான் கொண்டுபோனார். அதன்பின் மனுமேல் மனு கொடுத்தார். தன்னையாவது ரோட்டு வழியாகத் தூக்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார்.

கார்த்திகை அடைமழையில், மாரடைப்பில் போய்விட்டார். தெருமுனையில் பாடையை மறித்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். காலையில் அவர்களே வந்து மாலை போட்டு அழுதுவிட்டும் போயிருந்தார்கள். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. சமாதானம் பேச வந்திருந்த அதிகாரி, தலைமையாசிரியரின் மனைவியிடம், "இன்னிக்கு ஒரு நாளு விட்டுக்குடுங்கம்மா, அப்புறம் பேசித் தீத்துக்கலாம்" என்றார். அந்த மனுஷர் இன்னொரு நாள் எப்படிச் சாவார்?

பாடையைத் திருப்பினோம். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்திருந்தேன். அவர் மனைவி வாய்க்கால் கரை வரை வந்து நின்றார். அங்கிருந்து பார்த்தால் தார் ரோடு முழுக்கத் தெரியும். மறித்தவர்கள் மழைக்கு வீட்டுக்குள் போய்விட்டிருந்தார்கள். ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

"ரோடு சும்மாதானே சார் கெடக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

நாங்கள் சம்பாப் பயிருக்குள் இறங்கினோம்.