நான்கு புடவைக்கு ஒரு ரவிக்கை

சாம்பல் நிறப் புடவையை நீளவாக்கில் மடித்து, பாயைச் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுருட்டினாள் வசுந்தரா. மூன்று சுருள்கள் தோள்பைக்குள் அடங்கின. நான்காவது புடவை கனமானது. அதைக் காலையில் விமானத்துக்குக் கட்டிக்கொள்வாள். தேங்காய் எண்ணெய், காலியான கண்மருந்து பாட்டிலில். துவட்டிக்கொள்ளவும் போர்த்திக்கொள்ளவும் ஒரே ஈரிழைத் துண்டு.

மூன்று வாரம், வங்கியின் வடகிழக்குக் கிளைகளில் தணிக்கை. அதற்கு அந்த ஒரு பைதான். பெரிய பெட்டியை உருட்டிக்கொண்டு வரும் இளம் அதிகாரிகளை அவள் சும்மா விடுவதில்லை. "என்னப்பா அஸ்வத், ஹனிமூனா? கூட யாரு வரா?"

எல்லாப் புடவைக்கும் ஒரு கறுப்பு ரவிக்கை என்பது அவள் ஏற்பாடு. "ராத்திரி அலசிப் போட்டா காலம்பற காஞ்சுடும். இன்னொண்ணு எதுக்கு, வெட்டிச் சுமை?" அலமாரியில்கூட இன்னொரு கறுப்பு ரவிக்கை கிடையாது.

கொல்கத்தா மழை அந்த ரவிக்கையைக் காயவிடவில்லை. இஸ்திரி போட்டே காயவைத்துவிடலாம் என்று சூட்டை ஏற்றினாள். அடுக்களையிலிருந்து கணவன் ஹரீஷ் ஏதோ கேட்டான். திரும்பிப் பதில் சொன்னாள். அவ்வளவுதான். பாலியெஸ்டர் துணி உருகி, முதுகில் இஸ்திரிப் பெட்டியின் வடிவத்தில் ஓட்டை.

"பட்டுப் புடவை ஏதாவது எடுத்துக்கோயேன், அதுக்கு ரவிக்கை இருக்குமே," என்றான் ஹரீஷ்.

"ஜரிகை போட்டுண்டு போனா, ஆடிட்டுக்கு வந்தியா கல்யாணத்துக்கு வந்தியான்னு கேப்பா."

இத்தனை வருடத்தில் குழுவுக்குத் தலைவராகப் போவது இதுதான் முதல் தடவை. குவாஹாட்டியில் இறங்கியதும் நேராகக் கூட்டம். கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போய் ஒன்று வாங்கலாம் என்றால், வீடிருக்கும் சால்ட் லேக் தெருவில் முழங்கால் தண்ணீர். கட்டிலில் உட்கார்ந்து ஓட்டையையே பார்த்தாள். அழுகை வரும்போல் இருந்தது.

மேல்வீட்டு மஹிமா கொத்தமல்லி கேட்டு வந்தாள். தூத்துக்குடிக்காரி, கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஏக்கா, இதுக்கா மூஞ்ச இப்படி வச்சிருக்கீய?"

அவள் போட்டிருந்ததும் கறுப்பு ரவிக்கைதான். படியேறிப் போனாள். நைட்டியில் திரும்பி வந்தாள்.

"இந்தாங்க. இப்பதான் கழட்டுனேன், சூடா இருக்கும். கூச்சப்படாதீய."

மஹிமாவுக்குப் பெரிய உடம்பு. வசுந்தராவின் தோளில் ரவிக்கை தொளதொளத்தது. மஹிமா அவளை விளக்கடியில் நிறுத்தி, ஊசி நூலோடு இடுப்போரத்தைப் பிடித்தாள்.

"கையத் தூக்குங்க. போலீஸ் புடிச்ச மாதிரி நல்லாத் தூக்குங்க."

"நன்னா இருக்கு போ. ஆடிட்டருக்கே சோதனையா?"

"சிரிக்காதீய, குத்திரும்."

குத்தத்தான் செய்தது. வசுந்தராவுக்கு அது உறைக்கவில்லை. தூக்கிய கைகளோடு குனிந்து, மஹிமாவின் உச்சி வகிட்டைப் பார்த்தாள்.

"மஹிமா..."

"ஆடாதீங்கக்கா," என்று சொல்லிவிட்டு மஹிமா நூலைப் பல்லால் கடித்தாள்.

மறுநாள் குவாஹாட்டியிலும் மழை. கூட்டம் நடந்தது. வசுந்தரா தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். ரவிக்கையை யாரும் கவனிக்கவில்லை. மாலையில் விருந்தினர் விடுதிக்கு வந்ததும் அதை அலசி நாற்காலி முதுகில் விரித்தாள். மின்சாரம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கோப்பு அட்டையால் அதற்கு விசிறத் தொடங்கினாள்.