வேலையிலிருந்து நேராக வந்த கால்கள்

எங்கள் அன்பு அப்பா ஆண்டவரிடம் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அழ வேண்டும் என்று அவர் விரும்பமாட்டார். பசியாறிவிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

மலேசியாவின் செமோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அப்பா பிறந்தார். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுக்கு எதையாவது கொண்டுபோனால் பின்வாசலில்தான் நிற்க வேண்டும். அதை அப்பா கடைசி வரை மறக்கவில்லை. தோட்டம் கைமாறியபின் ஈப்போவுக்கு வந்து, லாரிப் பட்டறையில் உழைத்து, எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். கோபக்காரர்தான். ஆனால் சோறு ஆறுவதற்குள் கோபம் ஆறிவிடும்.

கோயிலில் அவருக்கு ஒரு பொறுப்பு இருந்தது. பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பவர் அப்பா. ஒவ்வொருவரிடமும், “நல்லா சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டு வாங்க, சாமியார் மூக்கு பாவம்லா” என்பார். அவர்களும் தேய்த்துக் கழுவி, பவுடர் பூசி, புதுக் காலுறையோடு வந்து உட்காருவார்கள். சாமியாருக்குக் கழுவ ஒன்றும் இருக்காது.

அந்தப் பட்டியலில் மரியான் அங்கிளின் பெயர் மட்டும் வந்ததே இல்லை. அவர் நகரத்துச் சாக்கடைகளைச் சுத்தம் செய்பவர். பூசைக்கு ஒரு நாளும் தவறாதவர். அவருடைய சாதி எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம், அவ்வளவுதான். எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் அப்பாவிடம் காரணம் கேட்டேன்.

“வேலை முடிஞ்சு நேரா வர்றவரும்மா. காலு அழுக்கா இருக்கும்.”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை. “கழுவத்தானே கூப்பிடுறீங்க?” என்றார்.

மூன்றாம் நாள் அப்பா என்னிடம், “கிராணி வீட்டுல என்னைப் பின்வாசல்ல நிப்பாட்டுனாங்க. நான் இவரக் கோயிலுக்குள்ளயே அப்படி நிப்பாட்டிட்டேன்” என்றார். பிறகு மரியான் அங்கிளின் வீட்டுக்குத் தாமே போய் அழைத்தார்.

செய்தி பரவியதும் பன்னிரண்டில் ஒருவர் விலகினார். வேறு யாருமில்லை, அம்மாவின் தம்பி, எங்கள் மாமா.

“அவரு பக்கத்துல நான் உக்கார மாட்டேன் மச்சான். நானா அவரா, முடிவு பண்ணிக்குங்க.”

மாமா என்றால் அப்பாவுக்கு உயிர். இருந்தும், “உன் நாற்காலி அங்கயேதான் இருக்கும். நீ வரலன்னா நான் உக்காருவேன்” என்று சொல்லிவிட்டார்.

மாமா வரவில்லை. அப்பா பட்டறையிலிருந்து நேராக வந்து, கிரீஸ் படிந்த காலோடு மரியான் அங்கிளின் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றுதான் முதல் முறையாகச் சாமியார் பாத்திரத்துத் தண்ணீரை மாற்ற வேண்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அதன்பின் ஏழு ஆண்டுகள் மாமா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அப்பா படுத்த படுக்கையானபோது மாமா வந்துவிட்டார். மரியான் அங்கிள் ஏற்கெனவே கட்டிலருகே இருந்தார். முதலில் இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. ஆனால் கனத்த உடம்புக்காரரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குகிறவர்கள் பேசாமல் இருக்க முடியாது.

அப்பா போன அன்று காலை, அவரைக் குளிப்பாட்டுகையில் மாமா தண்ணீர் ஊற்ற, மரியான் அங்கிள் பாதங்களைத் தேய்த்தார். “அண்ணே, இந்த வாட்டியும் நீங்க கழுவாம வந்துட்டீங்களே” என்றார். அழுதுகொண்டிருந்த நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். மாமா மட்டும் அப்போதுதான் அழத் தொடங்கினார்.

பார்த்துக்கொண்ட தாதியருக்கும், பந்தல் போட்டுச் சமைத்துக் கொடுத்த அண்டை வீட்டு இந்து நண்பர்களுக்கும், செபித்த சாமியாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடிருக்கும்.

பட்டியல் இப்போது மாமாவிடம் இருக்கிறது. வரும் பெரிய வியாழனுக்கு மரியான் அங்கிளின் பெயரை முதலிலும், அதற்கு அடுத்ததாகத் தம் பெயரையும் எழுதியிருக்கிறார். அழைக்கப்படுகிறவர்கள் தயவுசெய்து காலைக் கழுவிவிட்டு வர வேண்டாம்.

அன்பு மகள்