மஞ்சள் பெட்டி தோற்ற கதை

கம்ப்யூட்டர் கடைத் தெருவில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மிளகாயக்கா என்றால்தான் தெரியும். காதுபடவே சொல்வார்கள். "ஆமாண்டா, மிளகாய்தான். கண்ணுல படாம பாத்துக்கோ" என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள். அவளுக்குக் கோபம் மூக்கின் மேல் என்பார்கள். அதுவும் பொய். மூக்குவரை ஏற அதற்குப் பொறுமை ஏது? வாயிலேயே குடியிருந்தது.

ஆனாலும் அவள் கடைப்படி ஏறாமல் அந்தத் தெருவில் ஒருத்தரும் கம்ப்யூட்டருக்கு மூளையான ப்ராசஸரை வாங்க மாட்டார்கள். காரணம், பின்னறையில் கிடந்த நீள மேஜை. இந்த ப்ராசஸர் தேவலையா, அது தேவலையா என்று யார் வந்து கேட்டாலும், பெட்டியில் அச்சடித்திருப்பதை அவள் படிக்கவே மாட்டாள். "அதெல்லாம் பெத்தவங்க தன் பிள்ளையைப் பத்திச் சொல்றது. நம்பவா முடியும்?" என்பாள். மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர்களை அக்கம்பக்கமாக வைப்பாள். ப்ராசஸரும் அது உட்காரும் போர்டும்தான் வேறு. மற்றதெல்லாம் அச்சு அசல் ஒன்று. ஒரே வேலையைக் கொடுத்து இரண்டையும் ஓட விடுவாள். முந்துவது எதுவோ, அதுதான் நல்ல சரக்கு. வேறு எவனும் மேஜையைத் தொடக்கூடாது. தொட்டவனின் பாட்டன் பூட்டனுக்கெல்லாம் விக்கல் எடுக்கும்.

அவளுக்கு ஒரே தம்பி. எந்த வேலையிலும் ஒட்டாமல் அலைந்துவிட்டு, மஞ்சள் பெட்டியில் வரும் ஒரு புது ப்ராசஸரை விற்கும் ஏஜென்சியில் சேர்ந்திருந்தான். தெருவில் இன்னும் யாரும் சீந்தாத சரக்கு. கட்டட வரைபடம் போடும் பொறியாளர் ஒருவர் ஆபீஸ் முழுக்க மெஷின் மாற்றப் போகிறார். அந்த ஆர்டரைப் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். பொறியாளரோ எப்போதும் வெள்ளைப் பெட்டியில் வரும் இன்னொரு கம்பெனி ப்ராசஸரையே வாங்குகிறவர். "மிளகாயம்மா மேஜையில ரெண்டும் ஓடட்டும். அவங்க சொன்னா மஞ்சளே வாங்கிக்கறேன்" என்றார்.

சோதனை அன்று தம்பி முன்னாடியே வந்து நின்றான். அவள் அப்போது கூலர் மாட்டிக்கொண்டிருந்தாள். ப்ராசஸரின் தலையில் உட்கார்ந்து சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிற சாமான் அது. வழக்கமாகத் தன்னுடைய பழைய கூலர்களைத்தான் மாட்டுவாள். அன்றைக்கு, 'தம்பிக்கு நல்லதாப் பொறுக்கி மாட்டிட்டா' என்று ஒரு நாக்கு புரளக்கூடாதென்று, இரண்டு புதுக் கூலர்களைப் பிரித்திருந்தாள். வெள்ளைக்கு ஒன்றை மாட்டியாகிவிட்டது. மஞ்சளுக்கானது கையில் இருந்தது.

"அக்கா, கொஞ்சம் பாத்து பண்ணுக்கா."

அவ்வளவுதான் சொன்னான், பாவம். அது போதாதா!

"என்னடா பாத்து பண்றது? தராசைச் சாய்க்கச் சொல்றியா? அக்கா தம்பி எல்லாம் வாசலுக்கு அந்தப் பக்கம். இங்க நீ மஞ்சப் பெட்டி விக்க வந்தவன். தள்ளி நில்லு!" திட்டிக்கொண்டே கூலரை வைத்து, திட்டிக்கொண்டே ஸ்க்ரூவை முறுக்கினாள்.

பொறியாளர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மாடி வீட்டின் வரைபடத்தை முழு வண்ணப் படமாக்கும் வேலையை இரண்டுக்கும் கொடுத்தாள். முதலில் இரண்டும் ஜோடி போட்டு ஓடின. அப்புறம் மஞ்சளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வெள்ளையில் தோட்டத்துப் பூ வரை வந்து முடிந்தபோது, மஞ்சளில் வீட்டுக்குக் கூரையே வரவில்லை.

"அக்கா, சூடு எவ்வளவு காட்டுதுன்னு ஒரு தடவை பாரேன்" என்றான் தம்பி.

"வாயை மூடு! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" பொறியாளரிடம் திரும்பினாள். "சார், இதை வாங்கினா கதவு அடிச்சுக்காம முட்டுக் கொடுக்கலாம். வேற எதுக்கும் ஆகாது."

பொறியாளர் சிரித்தார். கடையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

அந்த வாரமே பொறியாளர் ஆபீஸில் வெள்ளைப் பெட்டிகள் போய் இறங்கின. தம்பிக்கு வேலை போயிற்று. அம்மா போனில் அழுதாள்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? மேஜை காட்டினதைச் சொன்னேன். என் வயித்துல பொறந்ததா இருந்தாலும் அதையேதான் சொல்வேன்!" போனை விட்டெறிந்துவிட்டு, அதே சூட்டில் மஞ்சள் மெஷினைப் பிரிக்க உட்கார்ந்தாள். கூலரைத் தூக்கினாள். அதன் அடியில் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் தாள்.

கீறல் விழாமலிருக்கப் புதுக் கூலரில் ஒட்டி வருகிற தாள். உரிக்காமல் மாட்டினால் சூடு மேலே ஏறாது. ப்ராசஸர் கொதித்து, உயிர் பிழைக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கத்துக்குட்டிகள் செய்கிற தப்பு. "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று எத்தனை பேரைக் கிழித்திருக்கிறாள்! வெள்ளையில் ஞாபகமாக உரித்த கை, மஞ்சளில் தம்பியைத் திட்ட நீண்டுவிட்டது.

தாளை உரித்து, மறுபடி ஓட விட்டாள். இரண்டும் கைகோத்துக்கொண்டு வந்து முடித்தன.

"எருமை! அறிவு கெட்ட எருமை!" கடை அதிரக் கத்தினாள். யாரைத் திட்டுகிறாள் என்று பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். உள்ளே அவளைத் தவிர யாருமில்லை.

தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டிருந்தால் ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. அவள் அப்படிச் செய்யவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நேராகப் பொறியாளர் ஆபீஸுக்குப் போனாள். அத்தனை பேர் எதிரிலும், "அன்னைக்கு நான் சொன்னது தப்பு சார். மஞ்சள் தோக்கல. நான்தான் அதைக் கட்டிப் போட்டு ஓட விட்டேன்" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுன்னா வந்தது இருக்கட்டும்மா. இனி எதுக்கு மாத்திக்கிட்டு?" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல். அங்கிருந்து ஏஜென்சிக்குப் போனாள். தம்பியின் இடத்துக்கு வேறு ஆள் போட்டாச்சு என்றார் முதலாளி. காவலாளி வந்து வெளியே அனுப்பும்வரை அங்கே கத்தினாள். கத்தி என்ன பிரயோஜனம்?

அம்மா வீட்டில் தம்பி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் எழுந்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் அவ்வளவு கோபத்தை அவள் பார்த்ததே இல்லை.

"சூட்டைப் பாருன்னு சொன்னேன்ல?"

"சொன்னடா. தம்பிங்கறதுக்காக சாய்ச்சுடக் கூடாதேன்னுதான்..."

"அந்தப் பக்கம் சாய்ச்சிட்டியே! வேற எவனாவது ஒரு சேல்ஸ்காரன் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தா, நீ பாத்திருப்பியா மாட்டியா? அதை மட்டும் சொல்லு."

பார்த்திருப்பாள். திட்டியிருப்பாள், திட்டிக்கொண்டே பார்த்திருப்பாள்.

வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அடுக்களையிலிருந்து அம்மா பதறிப்போய் ஓடி வந்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு? சத்தத்தையே காணோம்?"