மெதுவா சார்

அலுவலகத்தில் அவருக்கு 'மெதுவா சார்' என்று பெயர். செல்போன் டவர்களைச் சீர்செய்வது அவர் வேலை. கூட்டத்தில் எல்லாரும் கத்தினால் ஒருவர் பேச்சும் எடுபடாது, மெதுவாகப் பேசினால்தான் கேட்கும் என்பதைப் பதினெட்டு வருடமாக எல்லாரிடமும் ஒரே பல்லவியாகப் பாடிக்கொண்டிருக்கிறார்.

அன்று மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் போட்டி பார்க்கக் கூடியிருந்தார்கள். எல்லாருடைய போனிலும் வீடியோ நன்றாகவே வந்தது; எடுத்த படத்தை அனுப்பத்தான் முடியவில்லை. மேலாளர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"போனெல்லாம் இன்னும் பலமா அனுப்பட்டும் சார். பவரை ஏத்திவிடுங்க."

"ஏற்கெனவே தொண்டை கிழியக் கத்திட்டுதான் இருக்கு. ஒண்ணு சத்தத்துல இன்னொண்ணு அமுங்கிப் போகுது. டவருக்கு எது காதுல விழும்?" என்று முணுமுணுத்தபடி, போன்கள் அனுப்பும் பவரைக் குறைத்துவிட்டார். மேலாளர் முகம் வெளுத்துப்போனது. பத்தே நிமிடத்தில் படங்கள் மளமளவென்று போக ஆரம்பித்தன.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கட்டிலில் ஆஸ்பத்திரிக் கவர் ஒன்று கிடந்தது.

"என்ன இது?"

"டெஸ்ட் ரிசல்ட். பயப்பட ஒண்ணுமில்லையாம்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நேத்து சொன்னேன். கூட வாங்கன்னு காலையிலயும் சொன்னேன்."

அவள் அடுத்த சட்டையை எடுத்து உதறினாள்.

"மெதுவாத்தான் சொன்னேன்."